வாய்க்காலின் வாயில் நில்லுங்கள்



இன்று உலக ஈரநில நாள். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானிலுள்ள ராம்சர் நகரில் பல நாடுகள் கூடி, சதுப்பும் குளமும் கழிமுகமும் வீணான நிலங்கள் அல்ல என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அதை உலகத்துக்குச் சொல்ல ஒரு மாநாடு தேவைப்பட்டது. நம் கொங்கு நாட்டுப் பாட்டன்மார்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் குளத்தை வெட்டினார்கள், கரை கட்டினார்கள், மதகு வைத்தார்கள், தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டார்கள்.

அவர்கள் கட்டியது வெறும் குளங்களை அல்ல, ஒரு தொடரை. வெள்ளியங்கிரி மலைப்பக்கத்து ஓடைகள் ஒன்றுகூடி நொய்யலாகின்றன. ஆலாந்துறை, பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் என்று நடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட ஊரருகே காவிரியில் சேர்கிறது நொய்யல். மலையில் மழை பெய்தால் சில வாரம் ஓடும், பிறகு வற்றிவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்துவைக்கத்தான் சித்திரைச்சாவடியில் அணைக்கட்டு, அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலின் வழியில் குளங்கள். கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று பெயர்கள் நீளும். ஒரு குளம் நிறைந்தால் மிச்சம் அடுத்த குளத்துக்குப் போகும்.

அன்பர்களே, இந்தத் தொடரில் ஒரு சங்கடம் இருக்கிறது. நல்ல தண்ணீர் எந்த வழியாகக் கீழே வந்ததோ, அதே வழியாகத்தான் இன்று சாக்கடையும் வருகிறது. மழைக்காலத்தில் சில வாரம் ஆற்றுநீர். மீதி மாதங்களெல்லாம் நம் வீட்டுக் கழிவறைத் தண்ணீர், சலவைத் தண்ணீர், பட்டறைத் தண்ணீர். கோடையில் நகருக்குள் நொய்யல் ஓடுகிறது என்று யாராவது மகிழ்ந்தால், அது ஆறு இல்லை ஐயா, நாம் ஊற்றியது! சங்கனூர்ப் பள்ளம் ஒரு காலத்தில் மழை ஓடை. இன்று அதன் கரையில் நின்று மூச்சு விடுகிறவர் வீரர்.

இப்போது நம் தன்னார்வலர்களைப் பற்றிச் சொல்கிறேன். பாராட்டு முதலில், உரிமையோடு ஒரு கண்டிப்பு பிறகு.

பாராட்டுக்குக் காரணம் வெள்ளலூர்க் குளம். ஆண்டுக்கணக்கில் சீமைக்கருவேலம் மண்டிக் காய்ந்து கிடந்த குளம் அது. இந்த ஊர்ப் பிள்ளைகள் குளத்தை மட்டும் பார்க்கவில்லை. தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். நொய்யலிலிருந்து வரும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. கடப்பாறையும் மண்வெட்டியும் எடுத்து இறங்கினார்கள். வாய்க்கால் திறந்தது, குளத்துக்குத் தண்ணீர் வந்தது. அதன் கரையில் மரங்கள் வளர்ந்தன, பட்டாம்பூச்சிகள் வந்தன.

கண்டிப்புக்குக் காரணம் ஆகாயத்தாமரை. எத்தனை குளத்தில் எத்தனை முறை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதை வாரி வாரிக் கரையில் போட்டிருக்கிறீர்கள்! படம் எடுத்தீர்கள், செய்தித்தாளில் வந்தது, ஊர் கைதட்டியது. அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் மறுபடியும் பச்சைப் பாய். ஏன்? சாக்கடையில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் அந்தச் செடிக்கு உரம். உரம் வந்துகொண்டே இருந்தால் அது இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். பாய் விரித்த பிறகு அடியில் வெயில் படாது, காற்று கலக்காது. நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும், ஒருநாள் காலையில் மீன்கள் வயிறு மேலே தெரிய மிதக்கும். குழாயைத் திறந்துவிட்டுவிட்டுத் தரையைத் துடைக்கிற வீட்டில் துணிதான் கிழியும், தரை காயாது.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். குளத்தைக் குளத்தில் காப்பாற்ற முடியாது. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலின் வாயில்தான் காப்பாற்ற முடியும். கரையில் நிற்கும் பத்துப் பேரில் ஐந்து பேராவது மேலே நடந்து போங்கள். எந்தக் குழாய் எங்கே வந்து விழுகிறது, எந்த நேரத்தில் விழுகிறது, என்ன நிறம், என்ன நாற்றம் என்று எழுதிவையுங்கள்.

எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இதே நொய்யலின் கீழ்ப்பகுதிக்குப் போவோம். சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடிந்தது. பாசனத் தண்ணீருக்குப் பதிலாகத் திருப்பூரின் சாயக்கழிவு வந்து தேங்கியது. சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத உப்பு. துணியில் சாயம் பிடிக்கக் கொட்டிய உப்பு, ஆற்றில் இறங்கி, கிணற்றில் இறங்கி, தென்னையின் வேர் வரைக்கும் போயிற்று. தன் கிணற்றுத் தண்ணீரைத் தன் மாடே குடிக்கவில்லை என்பதை விட ஒரு குடியானவனுக்கு வேறு என்ன அவமானம் வேண்டும்?

அந்த விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் பேசியது. 2009இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்தது. அப்போதும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடச் சொன்னது உயர்நீதிமன்றம். அதில் வேலையிழந்த தொழிலாளிகளின் வேதனையையும் நான் மறக்கவில்லை. ஆனால் அதன் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல், தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் முழுமூச்சாக மாறியது. முடியாது என்று சொன்னதை முடித்துக் காட்டியது அதே ஊர்தான்.

அதே திருப்பூரில் இன்னொரு பக்கம் நஞ்சராயன் குளம். பறவை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்காக அங்கே போய், எந்தப் பறவை, எத்தனை, எந்த மாதம் என்று குறித்துவைத்தார்கள். ஊரார் அவர்களை வேலையற்றவர்கள் என்றுகூட நினைத்திருக்கலாம். 2022இல் அது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024இல் ராம்சர் பட்டியலில் ஏறிற்று. ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும் ஒரு பேனாவுக்கும் அவ்வளவு வலு இருக்கிறது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நீரோடையிலும் கிணற்றிலும் கெடுதலான பொருளை விடக்கூடாது என்கிறது. 49ஆம் பிரிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் குடிமகனும் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

சிலர் சொல்வார்கள்: “குப்பை பொறுக்குங்கள், மரம் நடுங்கள், அதோடு நிறுத்துங்கள், கேள்வி கேட்டால் அது அரசியல்.” ஐயா, கையுறை மாட்டிக் குப்பை எடுக்கும் பிள்ளைக்கு, அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை இல்லையா? தன்னார்வலர் சம்பளமில்லாத துப்புரவுப் பணியாளர் அல்லர். அலுவலகம் செய்யவேண்டிய வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டுப் பொன்னாடை போர்த்துவது மரியாதையும் ஆகாது.

அதே மூச்சில் நம்மையும் கேட்டுக்கொள்வோம். பாதாளச் சாக்கடை நம் தெருவுக்கு வந்த பிறகும் இணைப்பு வாங்காமல் மழைநீர் வடிகாலில் கழிவைத் திருப்பி விட்ட வீடு எத்தனை? செப்டிக் டேங்க் லாரிக்காரர் இரவில் எங்கே கொட்டுகிறார் என்று கேட்காமல் காசு கொடுத்தவர் எத்தனை பேர்? ஆலைக்காரரை நோக்கி விரல் நீட்டும் முன், நம் வீட்டுக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று பார்த்துவிட்டு வருவோம்.

முடிக்கிறேன். தென்மேற்குப் பருவமழை ஜூனில் வரும். முதல் வெள்ளம் வாய்க்காலில் கிடக்கும் அத்தனை நெகிழியையும் குளத்துக்குள் தள்ளும். அதற்குள் நமக்குப் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே என்று நான்கு மாதம் இருக்கிறது. வருகிற ஞாயிறு முதல் இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி வாய்க்காலில் அடைப்பெடுக்கட்டும். இன்னோர் அணி ஒவ்வொரு கழிவுக் குழாயையும் படத்தோடும் தேதியோடும் வரைபடத்தில் குறிக்கட்டும். மே மாதம் அந்த வரைபடத்தை, புகார் கொடுக்கப்போகிறோம் என்ற முன்னறிவிப்போடு, மாநகராட்சியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் கொடுத்து, முத்திரையோடு ரசீது வாங்குங்கள். அன்றிலிருந்து 60 நாளை எண்ணுங்கள். மனு கொடுக்கப் போகும் வரிசையில் என்னையும் நிறுத்துங்கள், நான் வருகிறேன். இந்த அரங்கில் இப்போது கை தட்டுகிறவர்களும் வரவேண்டும்.