கம்பத்தின் வலிமை
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் மரம் வெட்டுகிற நமக்கு மின்கம்பத்தைப் பற்றி என்ன கவலை என்று எண்ணவேண்டாம். கம்பம் நம் லயத்து ஓரத்தில் நிற்கிறது. அதன் அடியில் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அதன்மேல் ஏறி வேலை செய்பவனும் நம்மைப் போன்ற தொழிலாளியே!

தோட்ட வீடுகளுக்கு மின்சார வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்று மலேசியாவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மின்சாரம் கேட்கத் தெரிந்த நாம், அதைத் தாங்கும் கம்பத்தையும் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரக்கம்பத்தை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடு அமெரிக்கா. அங்கே நீளத்தை அடியாலும், வலிமையை வகுப்பு எண்ணாலும் குறிக்கிறார்கள். எண் சிறிதானால் வலிமை பெரிது. நுனிக்கு 2 அடி கீழே பக்கவாட்டில் இழுத்தால், 1ஆம் வகுப்புக் கம்பம் 4,500 இராத்தல் இழுப்பைத் தாங்கவேண்டும். 3ஆம் வகுப்பு 3,000. 5ஆம் வகுப்பு 1,900. 7ஆம் வகுப்பு 1,200. கம்பம் 30 அடியானாலும் 50 அடியானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆனால், கடப்பாரை நீளநீள நெம்பும் பலம் கூடுகிறதல்லவா? அதுபோல் உயரக் கம்பத்தின் அடியில் பாரம் கூடும். ஆகவே அதன் அடிமரம் பருத்திருக்க வேண்டும்.

மரம் வெட்டுக்குத் தயாரா என்று நாம் சுற்றளவு பார்ப்பதில்லையா? கம்பத்துக்கும் அதே வழக்கந்தான். நுனியில் ஓர் அளவு, அடியிலிருந்து 6 அடியில் ஓர் அளவு.

கம்பத்தின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கும், அதற்குமேல் 2 அடியும் மண்ணுக்குள் இறங்கவேண்டும் என்பது பொது விதி. 40 அடிக் கம்பத்துக்கு 6 அடிக் குழி. கம்பி நேராக ஓடும் இடத்தில் போதுமான கம்பம், கம்பி திரும்பும் மூலையில் போதாது. அங்கே எதிர்ப்பக்கம் இழுகம்பி கட்டவேண்டும். டிரான்ஸ்பார்மர் ஏறினால் அதன் பாரத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வலிமை வேறு, உளுக்காமல் நிலைப்பது வேறு. மலேசியாவில் மரங்களை வலிமைப்படி 7 பிரிவாக வகுத்திருக்கிறார்கள். கெம்பாஸ் 2ஆம் பிரிவைச் சேர்ந்த பலசாலி. ஆனால் மருந்து ஏற்றாவிட்டால் கறையானுக்கு இரையாகும். மேலே பூசினால் மட்டும் போதாது. அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றவேண்டும்.

ஈரமும் காற்றும் சேரும் தரைமட்டத்தில்தான் கம்பம் முதலில் அழுகும். அங்கே சுற்றிலும் அரித்துப் பருமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வலிமையில் கால் பங்குக்கு மேல் போய்விடும்! மேலே பார்த்தால் கம்பம் நிமிர்ந்தே நிற்கும்.

ஆகவே தோழர்களே, சாய்ந்த கம்பத்தையும் அடி அரித்த கம்பத்தையும் கண்டால் பிள்ளைகளை விலக்குங்கள். நீங்களே தோண்டவோ தட்டவோ போகாதீர்கள். எந்த லயம், எந்தக் கம்பம் என்று கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கக் கிராணிமார் நாங்கள் இருக்கிறோம். நிர்வாகத்துக்கு வாய்ச்சொல்லாக அல்ல, தேதியிட்ட கடிதமாகவே அது போகட்டும். கம்பம் விழுந்தபின் கேட்கும் நியாயத்தைவிட, விழுமுன் கேட்கும் நியாயமே உயிரைக் காக்கும்.