யாரோடு சாப்பிட்டாய்?

(ரமலானை வரவேற்க நம் அறக்கட்டளை நடத்திய குடும்பக் கூட்டத்தில், வ. புதுப்பட்டி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)





நான் ஆலிம் அல்ல. மார்க்க விளக்கம் சொல்ல ஹஜ்ரத் அவர்கள் இருக்கிறார்கள். நான் பன்னிரண்டு வருடம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். "பட்டணத்தில் கண்டதைச் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கண்டதையும் உண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் போன வழியில்தான் நானும் போனேன். இரவு ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். காலையில் எழும்பூரில் இறங்கினேன். கையில் ஒரு பால்கோவாப் பெட்டி, அம்மா கட்டிக்கொடுத்த சோறு. தங்கியது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். ஓர் அறைக்கு நான்கு கட்டில்.

அந்தத் தெருக்களில் பார்க்கக் குறைவில்லை. பார்த்தசாரதி கோயில் பக்கம் பூக்கட்டுகிறவர்கள், பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகங்கள், சாயங்காலமானால் மெரினா பக்கம் நடக்கிற கூட்டம். எங்கே பார்த்தாலும் ஆள்தான். ஆனால் "சாப்பிட்டியா?" என்று கேட்க ஒருவர் இல்லை. நம் ஊரில் தெருவைத் தாண்டுவதற்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள். அங்கே மெஸ்ஸில் டோக்கன் வாங்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவேன். வயிறு நிறையும். ஆனாலும் சாப்பிட்ட மாதிரி இருக்காது.

முதல் ரமலான் வந்தது. நாலைந்து நாள் அறையிலேயே பன்னும் தண்ணீரும் வைத்து நோன்பு திறந்தேன். கூச்சம்தான் காரணம். பிறகு ஒரு நாள் பெரிய பள்ளிவாசலுக்குப் போனேன். வாலாஜா பள்ளிவாசல் என்று சொல்வார்களே, அதுதான். 1795-ல் ஆற்காடு நவாப் குடும்பத்தார் கட்டியது. நம் தென்பகுதி தந்த தலைவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1972-ல் மறைந்தபோது அடக்கமானதும் அந்த வளாகத்தில்தான்.

வரிசையாக உட்கார்ந்திருந்தோம். தலையில் தொப்பி வைத்த சிலர் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். பேரீச்சம்பழம், சோறு, இனிப்பு, வாழைப்பழம். எல்லாம் சைவம். "பள்ளிவாசலில் ஏன் சைவம்?" என்று பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, பரிமாறுகிறவர்கள் நம்மவர்கள் இல்லை. மயிலாப்பூரிலிருந்து வருகிறார்கள். நம் இடத்துக்கு மரியாதையாகத் தொப்பி போட்டிருக்கிறார்கள்" என்றார்.

அவர்கள் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கும் சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள். அதைத் தொடங்கிய தாதா ரத்தன்சந்த், 1947 பிரிவினைக்குப் பிறகு சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த இந்துப் பெரியவர். அவர் தொடங்கி வைத்த வழக்கப்படி, ரமலானில் அவர்களே சமைத்து, வண்டியில் கொண்டுவந்து, ஆயிரம் பேருக்குமேல் பரிமாறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது.

அந்தப் பள்ளிவாசலுக்கு இது பொருத்தம்தான். அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் பாரசீக வாசகம் மிஹ்ராபில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை இயற்றியவர் நவாபின் முன்ஷியாக இருந்த ராஜா மக்கன்லால் என்ற இந்து.

ஆனால் அன்று என் மனதில் நின்றது அந்தச் சோறு அல்ல. பக்கத்துப் பெரியவர் கேட்ட அடுத்த கேள்விதான். "எந்த ஊர் தம்பி? அத்தா அம்மா நல்லா இருக்காங்களா?" என்றார். சென்னைக்கு வந்து ஏழு மாதத்தில் என்னை அப்படிக் கேட்ட முதல் மனிதர் அவர். பதில் சொல்லத் தொண்டை வரவில்லை.

அன்றிரவு அறைக்குத் திரும்பியதும் மற்ற மூவரிடமும் பேச்சுக் கொடுத்தேன். அதில் ஒருவர் காயல்பட்டினத்துக்காரர். அங்கே விசேஷங்களில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர் ஒரு பெரிய தட்டு வாங்கி வந்தார். ஸஹருக்கு நான்கு பேரும் அந்த ஒரே தட்டில் சாப்பிட்டோம். அதில் ஒருவர் நோன்பு வைக்காத இந்துச் சகோதரர். அவரும் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவார். அதற்குப் பிறகுதான் அந்த அறை எனக்கு வீடானது.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். ரமலானில் நோன்புக் கஞ்சிக்காக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கு. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச முடியவில்லை. அந்த அரிசி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு கஞ்சி காய்ச்சினோம். அரிசியிலும் குறையில்லை, மசாலாவிலும் குறையில்லை. ஆனாலும் ஏதோ குறைந்தது என்று எத்தனை பேர் சொன்னோம்! குறைந்தது பக்கத்தில் உட்கார்கிற ஆள்தான்.

இனி நான் சொல்லப்போவது என் குறை. மறைக்காமல் சொல்கிறேன்.

போன ரமலானில் நம் வட்டாரத்துப் பள்ளிவாசல் ஒன்றில் நோன்பு திறக்க உட்கார்ந்திருந்தேன். ராஜபாளையம் பக்கம் மில் வேலைக்கு வந்த வடமாநிலச் சகோதரர்கள் மூன்று பேர், ஒளு செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி கொடுத்தோம், வடை கொடுத்தோம். அவர்களுக்கு நம் கஞ்சி பழக்கமில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாங்கு சொன்னது. நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டே குடித்தோம். தொழுதுவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்படியே நான்கு நாள். திருவல்லிக்கேணியில் முன்பின் தெரியாதவர்கள் கையால் சாப்பிட்டவன் நான். ஐந்தாம் நாள்தான் எழுந்து போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "எந்த ஊர்? அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன். அவர்களில் இளையவனுக்குப் பத்தொன்பது வயது, பீகார். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். அது என் முகம்.

நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பவருக்கும் அந்த நோன்பின் நன்மை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். குழம்பு வைக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கச் சொன்னார்கள். தண்ணீரைக் கூட்டுவதற்குக் காசு வேண்டாம், மனது போதும்.

ஆகவே இந்த ரமலானுக்கு மூன்று வேண்டுகோள்.

தாய்மார்களே! சென்னையில், பெங்களூரில் இருக்கும் பிள்ளையிடம் போனில் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கிறீர்கள். கூடவே "யாரோடு சாப்பிட்டாய்?" என்றும் கேளுங்கள். தனியாக என்று பதில் வந்தால், பள்ளிவாசல் வரிசையில் போய் உட்காரச் சொல்லுங்கள். விடுதியில் இருக்கும் நம் பெண் பிள்ளைகளுக்கு அந்த வரிசையும் பல இடங்களில் கிடைப்பதில்லை. பட்டணத்தில் குடும்பத்தோடு இருக்கும் நம் ஊர்க்காரர்கள், அவர்களை ஒரு நாளாவது வீட்டுக்கு அழைக்க வேண்டும்.

சகோதரர்களே! பள்ளிவாசலில் வெளியூர்க்காரர் யாரும் ஓரத்தில் தனியாக உட்கார வேண்டாம். இரண்டு உள்ளூர்க்காரருக்கு நடுவில் ஒரு விருந்தாளி என்று வரிசையை அமைப்போம். முடிந்த வீடுகள் முப்பது நாளில் ஒரு நாள் ஒருவரை அழைத்துப் போவோம்.

மூன்றாவது, பக்கத்து வீட்டு இந்து, கிறிஸ்தவச் சொந்தங்களுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பும் நம் பழக்கம் விட்டுப்போகக் கூடாது. தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு வராமல், இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

அந்தப் பீகார்ப் பிள்ளை ஊருக்குப் போயிருக்கிறான். ரமலானுக்குத் திரும்பி வருவதாகச் சொன்னான். இன்ஷா அல்லாஹ், இந்த முறை முதல் நாளிலேயே அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

அல்லாஹ் நம் நோன்பையும், நாம் பகிர்ந்து உண்ணும் உணவையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.