மிஸ்ஸா, மிஸிஸா?

(ஹெந்தளையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மலருக்காக உறுப்பினர் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கிய முதல் நாளே நாங்கள் சிக்கிக்கொண்டோம். பெயருக்கு முன்னால் என்ன போடுவது? ஒரே வாங்கில் இருந்து படித்தவள் பழைய இடாப்பில் தகப்பன் பெயரோடு இருக்கிறாள். கல்யாணத்தின் பின் கணவன் பெயரோடு வேறு ஆளாகிவிட்டாள். ஆங்கில வழக்கில் மிஸிஸ் குடும்பப் பெயருக்கு முன்னால் வரும். எங்களில் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லையே!

தொலைபேசியில் ஒருத்தியிடம் "மிஸ்ஸா, மிஸிஸா?" என்று கேட்டோம். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட மாதிரியே போடுங்கோ" என்றாள். கணவனைப் பிரிந்து வாழ்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது.

பள்ளிக்கூடத்தில் இந்தக் கவலை இருக்கவில்லை. கற்பித்த பெண்கள் எல்லோரும் மிஸ். நான்கு பிள்ளை பெற்றவரும் மிஸ்தான். கன்னியாஸ்திரி சிஸ்டர், ஆஸ்பத்திரியில் வார்ட்டுக்குப் பொறுப்பான தாதியும் சிஸ்டர். இந்தப் பழக்கத்தோடு லண்டன் போன எங்களில் ஒருத்தி வேலையிடத்து மேலாளரை "மிஸ்" என்று கூப்பிட, அவர் சிரித்துவிட்டாராம். அங்கே அது பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியையைக் கூப்பிடும் சொல். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் "மேம்" என்பது மரியாதை. வேறு இடங்களில் "உனக்கு வயது போய்விட்டது" என்று சொன்னதாகச் சில பெண்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் எலிசபெத் மகாராணியையே முதல் தடவை "யுவர் மெஜஸ்டி" என்றும், அதன்பின் வெறும் "மேம்" என்றும்தான் அழைத்தார்கள்!

மிஸ், மிஸிஸ் இரண்டும் "மிஸ்ட்ரெஸ்" என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். முன்பு மிஸிஸ் என்பது மதிப்புள்ள பெண் என்பதையே காட்டியது, கல்யாணமாகாதவருக்கும் வழங்கியது. இரண்டுக்கும் பொதுவாக எம், எஸ் என்ற இரண்டெழுத்தை 1901இல் அமெரிக்கப் பத்திரிகையொன்று முன்மொழிந்தது. 1972இல் குளோரியா ஸ்டைனெம் முதலானோர் அதையே தங்கள் சஞ்சிகைக்குப் பெயராக வைத்தார்கள். நியூயோர்க் டைம்ஸ் 1986இல்தான் ஏற்றுக்கொண்டது. அதன் கடைசி ஒலியை "ஸெட்" எழுத்துப்போல அதிரச் சொல்லவேண்டும். எங்கள் வாயில் அது மறுபடியும் மிஸ்ஸாகவே விழுகிறது!

1960இல் உலகின் முதல் பெண் பிரதமரானவரை உலகமே "மிஸிஸ் பண்டாரநாயக்க" என்றது. அவர் கணவரை இழந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் விதவையும் மிஸிஸ்தான். கணவர் இறந்ததும் பட்டத்தை எடுத்துவிடவேண்டும் என்று எங்கள் பட்டியலில் சிலருக்குக் கோடு போட்டவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

கடைசியில், பட்டம் எதுவும் வேண்டாம், பள்ளிக்காலப் பெயரை அடைப்புக்குள் போடுவோம் என்று முடிவுசெய்தோம். மூத்த அக்கா ஒருவர் மட்டும் சண்டைக்கு வந்துவிட்டார்: "ஐம்பது வருஷமாய் நான் திருமதி. அதை எடுக்க நீங்கள் ஆர்?"

பட்டியலில் ஒரேயொரு பெயருக்கு முன்னால் "திருமதி" இருக்கும். அது அச்சுப்பிழை அல்ல.