வெயில் தடிப்புக்குப் புதிய மருந்துகள்: தலைமை உரை



ஆக்டினிக் கெரட்டோசிஸ் எனும் வெயில் தடிப்பு, வெளிர்தோல் மக்கள் மிகுந்த ஆஸ்திரேலியாவில் மருத்துவர்கள் அன்றாடம் காணும் நோய். நம் புறநோயாளர் பிரிவில் அரிது. ஆனால் மெலனின் இல்லாமல் பிறந்து, வயலிலும் சாலையோரத்திலும் பிழைப்பு நடத்தும் நம் மக்களை அது விட்டுவைப்பதில்லை. அவர்களை மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

புறஊதாக் கதிர் பி53 மரபணுவைச் சிதைக்கிறது. சிதைந்த செல்கள் பெருகிய இடம் சொரசொரவென்று விரலுக்குத் தட்டுப்படும். சுற்றிலும் நல்ல தோலாகத் தெரியும் பகுதியிலும் அதே சிதைவு பரவியிருக்கலாம். சில தடிப்புகள் ஸ்குவாமஸ் செல் புற்றாக மாறும்; எது மாறும் என்று பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவேதான் தடிப்பை மட்டும் உறையவைத்து எடுக்காமல், பரப்பு முழுவதும் மருந்து பூசுகிறோம்.

1957இல் அறிவிக்கப்பட்ட ஃபுளூரோயுராசில், தைமிடிலேட் சிந்தேஸ் நொதியை முடக்கி டிஎன்ஏ ஆக்கத்தை நிறுத்துகிறது. இமிகுவிமோட் வேறு வழியில் செல்கிறது: டிஎல்ஆர்7 ஏற்பியைத் தூண்டி, இன்டர்ஃபெரானைச் சுரக்கவைத்து, நோயெதிர்ப்புச் செல்களை அழைத்துவருகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த டிர்பானிபுலின், செல்லின் நுண்குழாய்கள் உருவாகாமல் தடுத்துப் பிரிவை நிறுத்துகிறது. நாளுக்கு ஒருமுறை, 5 நாள் பூசினால் போதும். முகமெல்லாம் சிவந்து புண்ணாகி, பழைய களிம்பைப் பாதியில் நிறுத்திய நோயாளிகளைக் கண்டவர்களுக்கு அந்த 5 நாளின் அருமை புரியும். டிர்பானிபுலின் பற்றிய இரண்டு பெரிய ஆய்வுகளில், சிகிச்சை தொடங்கியதிலிருந்து 57ஆம் நாள் முறையே 44, 54 விழுக்காட்டினருக்குத் தடிப்புகள் முற்றிலும் நீங்கின. ஆனால் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் வந்தன.

57ஆம் நாளை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இன்ஜெனால் மெபுடேட்டை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியர்கள் வீட்டு வைத்தியமாகப் பூசிவந்த, கள்ளி இனச் சிறுசெடியின் பாலிலிருந்து கிடைத்தது. சிகிச்சை 2 அல்லது 3 நாளில் முடியும். 2012இல் பெரும் வரவேற்போடு வந்தது. பூசிய இடத்தில் தோல் புற்று கூடுகிறதோ என்ற கவலையால் 2020இல் ஐரோப்பாவில் விலக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 624 நோயாளிகளிடம் நான்கு சிகிச்சைகளை ஒப்பிட்டபோது, ஓராண்டு கழித்தும் பலன் நிலைத்தது பழைய ஃபுளூரோயுராசிலுக்கு 74.7 விழுக்காடு, இன்ஜெனாலுக்கு 28.9 மட்டுமே.

எனக்குப் பெரும் நம்பிக்கை தருவது ஒரு கூட்டு மருந்து. சொரியாசிஸுக்கு நாம் எழுதித்தரும் கால்சிபோட்ரியாலை ஃபுளூரோயுராசிலுடன் கலந்து, நாளுக்கு இருமுறை 4 நாள் பூசுகிறார்கள். கால்சிபோட்ரியால் தோல் செல்களை டிஎஸ்எல்பி என்ற புரதத்தைச் சுரக்கவைக்கிறது. அது சிடி4 டி செல்களைத் தடிப்புக்குள் வரவழைக்கிறது. அங்கே நினைவாற்றல் கொண்ட டி செல்கள் தங்கிவிடுகின்றன. 3 ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், இக்கூட்டு மருந்து பூசிய 30 பேரில் 2 பேருக்கும், ஒப்பீட்டுக் குழுவின் 40 பேரில் 11 பேருக்கும் முகத்திலும் தலையிலும் ஸ்குவாமஸ் புற்று வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் புற்று வந்ததா என்று கேட்ட ஆய்வு அது.

இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். மெலனின் இல்லாமல் பிறந்த நம் மக்களிடம் இக்கூட்டு மருந்தை முறையாகச் சோதித்து, குறைந்தது 3 ஆண்டு பின்தொடரும் திட்டம் ஒன்றை நாளை மாலைக்குள் இந்த அவை வரைந்து முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.