வாயிலைக் கடந்த பின்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



கடுங்காய்ச்சலோடு வைத்தியசாலைக்குச் சென்ற குழந்தை கண் விழித்து, பால் குடித்து, தாயின் தோளிற் சாய்ந்தபடி வாயிலைக் கடந்து வந்துவிட்டால், "கண்டம் கழிந்தது" என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். உண்மையிற் கழிந்துவிட்டதா? இக்கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

உகண்டா நாட்டின் எம்பராரா நகரில், தொற்றுநோயால் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட 1307 குழந்தைகளை ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்து, 2015 இல் முடிவை வெளியிட்டனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகள் அவர்கள். வைத்தியசாலையில் இறந்தோர் 65 பேர். பிழைத்து வீடு சென்று அடுத்த ஆறு மாதத்துள் இறந்தோர் 61 பேர்! இவர்களில் மூன்றில் இரு பங்கினர் வைத்தியசாலைக்கு வெளியிலேயே கண்மூடினர்.

காரணம் யாது? கிருமி ஒழிந்தாலும் அது அரித்த உடல் உடனே தேறுவதில்லை. மலேரியாவால் வற்றிய குருதி மீள ஊறப் பல வாரங்கள் செல்லும். அதற்குள் குழந்தை திரும்பிச் செல்வதோ அதே குடிசைக்கு; அதே நுளம்புக்கு; அதே அரைவயிற்று உணவுக்கு. மீண்டும் காய்ச்சல் கண்டால், வண்டிச் சத்தத்துக்குத் தாயின் கையிற் காசில்லை.

உயிர் தப்பினாலும் மூளை தப்புவது நிச்சயமன்று. மூளையைத் தாக்கும் மலேரியாவிற் பிழைத்த உகண்டாப் பிள்ளைகளுள் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, இரண்டு ஆண்டுகளின் பின்னும் அறிவாற்றலிற் குறை இருந்ததென 2008 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பாடம் ஏறாத பிள்ளையை "மொக்கு" என்று ஏசும் ஆசிரியர், அதன் பழைய காய்ச்சலை அறிவாரா?

பரிகாரம் இல்லாமலில்லை. கென்யாவிலும் உகண்டாவிலும், கடும் இரத்தசோகையோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்கு, வீடு சென்ற பின் மும்முறை மலேரியா மருந்து கொடுத்துப் பார்த்தனர். ஆறு மாத காலத்தில், இறப்பும் மீண்டும் வைத்தியசாலை புகுதலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற் குறைந்தமை 2020 இல் வெளியாயிற்று. 2022 இல் உலக சுகாதார நிறுவனமும் இம்முறையைப் பரிந்துரைத்தது. எனினும் மருந்து நின்றபின் அதன் காவலும் நின்றது. ஆகவே உணவும் கண்காணிப்பும் தொடரவே வேண்டும். எந்தக் குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்பதை அறியப் பெரிய இயந்திரம் எப்போதும் வேண்டியதில்லை. மேற்கையைச் சுற்றி அளக்கும் நாடாவே பாதி சொல்லிவிடும்.

மலேரியா நமக்குப் புதிதன்று. 1934–35 இல் இலங்கையைச் சூறையாடிய நோய் அது. மலேரியா அற்ற நாடென 2016 இல் நாம் சான்று பெற்றோம். நோயாளி வீடு சென்ற பின்னும் விடாது பின்தொடர்ந்து இரத்தம் சோதித்த ஊழியர்களுக்கும் அவ்வெற்றியிற் பங்குண்டு.

அன்பர்களே, நாற்று வேர்விடும் வரை நீர் பாய்ச்சாதவன் விளைச்சலை எதிர்பார்க்க முடியுமா? நோயிலிருந்து மீண்ட குழந்தையும் அத்தகையதே. நம் அயலில் அப்படியொரு குழந்தை வீடு திரும்பினால், "சுகமா?" என்று ஒருநாள் கேட்பதோடு நில்லாது, ஆறு மாதம் சென்று பார்ப்போமாக.