ஏதிலர் தீவா?



பிரித்தானியத் தலைமையமைச்சர் கீர் இசுடார்மர், 2025ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், குடியேற்றச் சீர்திருத்தம் பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டுப் பேசினார். வருவோர்க்கும் வாழ்வோர்க்கும் பொதுவான நேரிய விதிகள் இல்லையேல் அந்நாடு அயலாரின் தீவாகிவிடும் இடருண்டு என்பது அப்பேச்சின் கருத்து. கேட்டவர் பலர்க்கு ஈனக்கு பவல் நினைவுக்கு வந்தார். 1968 ஏப்பிரல் 20ஆம் நாள் பர்மிங்காம் நகரில், குடியேறிகளால் ஆங்கிலேயர் தம் சொந்த மண்ணிலேயே அயலாராகி விட்டனர் என்னும் கருத்துப்பட முழங்கியவர் அவர். மறுநாளே அவருடைய கட்சித் தலைவர் எட்வர்டு ஈத் அவரை நிழலமைச்சரவையினின்று நீக்கினார். இசுடார்மரோ பவலை எண்ணிப் பேசியவர் அல்லர். அச்சொல்லை ஆண்டமைக்கு மிக வருந்துவதாக அடுத்த மாதமே அவர் வெளிப்படையாகக் கூறிவிட்டார்.

சொல் திரும்பப் பெறப்பட்டது. திட்டம் திரும்பப் பெறப்படவில்லை. எனவே ஆராய வேண்டியது திட்டத்தையே.

தன் வாயிலைக் காத்துக்கொள்ளும் உரிமை எந்நாட்டுக்கும் உண்டு. அதை மறுப்பது வீண்பேச்சு. பிரித்தானியத்திற்குள் வந்தோர் தொகையினின்று வெளியேறினோர் தொகையைக் கழித்த நிகர எண்ணிக்கை, 2023 சூன் வரையிலான ஓராண்டில் 9 இலக்கத்தை எட்டியது. வீட்டுவாடகை உயர, மருத்துவமனை வரிசை நீள, மக்கள் முணுமுணுத்தனர். ஆளவந்தார் அதற்குச் செவிசாய்த்ததில் பிழையில்லை. வருவோர் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டும் என்பதிலும் பிழையில்லை. திறன்பணிக்கு வருவோர் காட்ட வேண்டிய ஆங்கிலத் தேர்ச்சியை இடைநிலையினின்று ஒருபடி உயர்த்தினர். உடன்வரும் துணைவர்க்கும் தொடக்கநிலை ஆங்கிலமேனும் வேண்டும் என்றனர். மொழியைத் தன் வாயிற்காவலாக நிறுத்தும் இனத்தை மொழிப்பற்றாளர் எவரும் பழிக்கமாட்டார்.

ஆயினும் ஒன்று கேட்கத்தகும். மொழியைக் கற்றுவா என்பவர், கற்பிக்க என்ன செய்தார்? இங்கிலாந்தில் குடியேறிய பெரியவர்கட்கு ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகளுக்கான அரசுப் பணம் 2010ஐ அடுத்த ஆண்டுகளில் பெரிதும் குறைக்கப்பட்டது. பள்ளியை மூடிவிட்டுத் தேர்வைக் கடினமாக்குதல் எவ்வகை அறம்?

இன்னொன்றும் உண்டு, இஃது இங்குள்ளோர் பலர்க்குப் புதிதாக இருக்கும். அந்நாட்டின் 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், குடியுரிமை வேண்டுவோர் ஆங்கிலமோ, வேல்சு மொழியோ, இசுகாத்துலாந்தின் கேலிக்கு மொழியோ போதிய அளவு அறிந்திருக்க வேண்டும் என்கிறது. மூன்றனுள் ஒன்று போதும்! ஒருகாலத்தில் பள்ளியில் வேல்சு பேசிய குழந்தையின் கழுத்தில் இழிவுப்பலகை தொங்கவிட்ட நாடு அது. அந்நாட்டுச் சட்டமே சிறுபான்மை மொழிகட்கு இவ்வளவு இடம் தந்துள்ளது. ஆனால் 2025ஆம் ஆண்டுப் பேச்சில் ஆங்கிலமே ஒலித்தது. வேல்சு நாட்டிற் குடியேறி வேல்சு கற்போன் அங்கு எண்ணப்படவேயில்லை.

இனித் திட்டத்தின் நெஞ்சுப்பகுதி. முதியோர் இல்லங்களிற் பணிசெய்ய ஆளில்லாமல் தவித்த அவ்வரசு, 2022 பிப்பிரவரியில் முதியோரைப் பேணும் தொழிலாளர்க்கு வாயிலைத் திறந்தது. நைசீரியாவினின்றும் சிம்பாபுவேயினின்றும் இந்தியாவினின்றும் பல்லாயிரவர் சென்றனர். நிலத்தை விற்றும் கடன்பட்டும் இடைத்தரகர்க்குப் பணம் கொட்டிச் சென்றவரும் அவருள் உண்டு. சென்ற இடத்தில், பணிதந்த முதலாளியின் உரிமம் பறிபோனால் 60 நாளுக்குள் வேறு முதலாளியைத் தேடு, இன்றேல் வெளியேறு என்பது விதி. உரிமம் இழந்த பேணுகை நிறுவனங்கள் 470க்கும் மேற்பட்டன. குற்றம் முதலாளியுடையது, ஒறுப்பு தொழிலாளிக்கு. 2024 மார்ச்சு முதல் புதிதாக வருவோர் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ உடன்கொணரத் தடை; 2025 சூலை 22 முதல் வெளிநாட்டினின்று புதிதாக ஆள் எடுக்கவே தடை.

புதியவரைத் தடுத்ததோடு நிற்கவில்லை. 5 ஆண்டு உழைத்தபின் நிலையாக வாழும் உரிமை கேட்கலாம் என்றிருந்ததை 10 ஆண்டாக்க வெள்ளை அறிக்கை முனைந்தது. அதே ஆண்டு நவம்பரில் உள்துறை அமைச்சகம், பட்டம் வேண்டாப் பணிகளில் உள்ள பேணுநர் போன்றோர்க்கு அதனை 15 ஆண்டாக்க முன்மொழிந்தது. முன்னரே வந்து உழைத்துக்கொண்டிருப்பவர்க்கும் அது பொருந்தும் என்றது. பெருஞ்சம்பளக்காரர்க்கோ 3 ஆண்டே போதுமாம்! பிறர் பெற்றோரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவெல்லாம் விழித்திருப்பவளின் ஓராண்டு, பணம் எண்ணுபவனின் ஓராண்டில் ஐந்தில் ஒரு பங்குதான் என்பது அக்கணக்கு.

தொடர்பற்றவரைத் தமிழ் ஏதிலர் என்கிறது. புதிதாய் வந்தவரை விருந்து என்கிறது. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமையே முதற்பொருள். உணவு பின்னர் ஏறிய பொருள். அழைத்த வீட்டார் அழைக்கப்பட்டவரை இடையில் ஏதிலராக்குவதற்குத் தமிழிற் சொல் இல்லை. பிரித்தானியத்திலோ பழைய வழக்கமே உண்டு. 1948 சூனில் 'எம்பயர் விண்டுரசு' கப்பலில் கரிபியத் தீவினர் தில்பரித் துறையில் இறங்கினர்; போரால் தளர்ந்த நாட்டிற்கு உழைத்தனர். அவர்கள் வந்திறங்கியதற்குச் சான்றான பதிவட்டைகளை உள்துறையினரே 2010இல் அழித்தனர். பின்னர் அத்தலைமுறையினரிடமே சான்று எங்கே என்றனர். வேலை இழந்தோரும் நாடுகடத்தப்பட்டோரும் உளர். 2018இல் உண்மை வெளிவந்து உள்துறை அமைச்சர் பதவி விலகினார்.

தமிழர்க்கு இக்கதை விளக்கவேண்டுவதன்று. இதே பிரித்தானியர் தேயிலைக்காக இலங்கை மலைக்குக் கொண்டுசென்ற தமிழரை, அவர்கள் ஆட்சி நீங்கிய அதே 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. காடழித்த கைகளிடம் பாட்டன் பிறந்த தாளைக் கேட்டது அச்சட்டம்.

புதிய விதி, புதிதாய் வருவோர்க்கே பொருந்தட்டும். வாக்குறுதியை நம்பிக் கடல்கடந்தவர்க்குப் பழைய விதியே நிற்கட்டும். 2022இல் சென்ற பெண்ணொருத்தி 2027ஐ எண்ணி நாள்களைக் கழித்தாள். முன்மொழிந்த கணக்கோ அவளை 2037க்கு வா என்கிறது. ஊரில் விட்டுச்சென்ற அவள் குழந்தைக்கு அன்று ஐந்து அகவையெனின், அதற்குள் இருபது ஆகியிருக்கும்.