முதல் அடைப்பு எப்போது?

பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலே அடைத்துவிட வேண்டுமா? அவசியமில்லை. சொத்தை முதலில் எனாமலில், பெரும்பாலும் ஈறோரமாக, சுண்ணாம்பு பட்டதுபோல் மங்கிய வெள்ளைத் திட்டாகத்தான் தோன்றும். மேற்பரப்பு உடையாதவரை ஃபுளோரைடு பற்பசையும் இனிப்பைக் குறைப்பதும் அதை அங்கேயே நிறுத்திவிடக்கூடும். உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல் இழந்ததை மெல்ல ஈடுகட்டும். குழி விழுந்து, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டீன் வரை இறங்கி, பிரஷ்ஷுக்கு எட்டாமல் போனால் அடைக்கத்தான் வேண்டும். இரு பற்களின் இடுக்கில் இருக்கும் சொத்தையைப் பெரும்பாலும் எக்ஸ்ரேதான் காட்டும்.

அடைப்பதற்காகத் துளைத்த பல் மறுபடி வளராது. அடைப்பும் காலப்போக்கில் தேயும். மாற்றும்போது குழி இன்னும் பெரிதாகும். ஆகவே, "ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று டாக்டர் சொன்னால் அலட்சியம் என்று எண்ணாதீர்கள். அந்தத் தேதியில் தவறாமல் போய்க் காட்டுங்கள்.